ஆயிரம் பேரில் ஒருவர்

நோயைப் பற்றிய அறிவு எங்கே பிறக்கிறது என்று வினவினால், பெரிய மருத்துவமனைகளில் என்றே நம்மில் பெரும்பாலோர் விடை கூறுவோம். அங்கேதான் பேராசிரியர்கள் இருக்கின்றனர். நுண்ணோக்கிகளும் சோதனைக்கூடங்களும் இருக்கின்றன. ஆயினும், காய்ச்சலும் இருமலும் கண்ட மனிதன் முதலில் நாடிச் செல்வது தன் தெருக்கோடியில் உள்ள வைத்தியரைத்தான் அன்றோ? அந்த வைத்தியர் அன்றாடம் காணும் நோய்களை ஆராய்ந்தவர் யார்? இத்தகைய மருத்துவர்கள் ஆண்டுதோறும் ஓரிடத்தில் கூடித் தத்தம் ஆராய்ச்சிகளை எடுத்துரைக்கும் அவையொன்று வட அமெரிக்காவில் 1972-ஆம் ஆண்டில்தான் தோன்றியது. அதன் வேர்களைத் தேடிப் போனால் ஏறத்தாழ நூறாண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1879-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் மெக்கென்சி என்னும் ஸ்காட்லாந்து இளைஞர், இங்கிலாந்தின் வடபகுதியில் நெசவாலைகள் நிறைந்த பர்ன்லி என்னும் நகரில் வைத்தியத் தொழிலைத் தொடங்கினார். அவருடைய பொறுப்பில் இருந்த இளம் கர்ப்பிணி ஒருத்தி, இருதய நோயினால் பிரசவ காலத்தில் மாண்டாள். அவளுக்கு இத்தகைய முடிவு நேரும் என்பதை முன்கூட்டி அறிய இயலவில்லையே என்ற துயரம் மெக்கென்சியை விட்டு நீங்கவில்லை. கற்ற நூல்களைப் புரட்டினார், விடை இல்லை. ஆகவே, தம்மிடம் வரும் ஒவ்வொருவருடைய நாடியையும் தாமே ஆராயத் துணிந்தார். கழுத்துக் குருதிநாளத்தின் துடிப்பையும் மணிக்கட்டு நாடியின் துடிப்பையும் ஒரே காகிதச் சுருளில் வரைந்து காட்டும் கருவியொன்றை ஒரு கடிகாரத் தொழிலாளியின் துணையோடு அமைத்தார்.

கருவி பெரிதுதான்; ஆனால் அதைவிடப் பெரிதாக அவரிடம் இருந்தது காலம். மருத்துவமனை வைத்தியர் நோயாளியைச் சில நாட்கள் காண்கிறார். பிறகு அவன் எங்கே போனான், எப்படி வாழ்ந்தான் என்பதை அவர் அறியார். மெக்கென்சியோ அதே மனிதர்களை ஆண்டுக்கணக்கில் கண்டு வந்தார். நாடி இடையிடையே தவறித் துடித்தால் மரணம் அண்மையில் உள்ளது என்று அஞ்சி, நோயாளிகளைப் படுக்கையில் கிடத்திய காலம் அது. அவ்வாறு நாடி தவறியவர்களில் பலர் இருபது ஆண்டுகள் கழித்தும் நலமாக உழைத்து வருவதைத் தம் கண்ணால் கண்ட மெக்கென்சி, எந்தத் துடிப்பு ஆபத்தானது, எது தீங்கற்றது என்று பிரித்துக் காட்டினார். 1902-இல் வெளிவந்த அவருடைய நாடி நூல் அவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது. லண்டனில் சிறப்பு மருத்துவராய் விளங்கிய பின்னரும் அவர் மனம் அங்கே நிலைக்கவில்லை. 1919-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவி, உள்ளூர் வைத்தியர்களையே ஆராய்ச்சியாளர்களாக்க முயன்றார். 1925-இல் அவர் மறைந்தபின் அந்நிலையம் வலுவிழந்தது. தனியொருவரின் ஆர்வத்தில் நிற்கும் நிறுவனங்களின் கதி பெரும்பாலும் இதுதான்.

ஆனால் விதை வீணாகவில்லை. யார்க்‌ஷயர் மலைப்பகுதியின் வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கில் வைத்தியராயிருந்த வில்லியம் பிக்கில்ஸ், மெக்கென்சியின் நூலொன்றைப் படித்து ஊக்கம் பெற்றார். அவரிடம் கருவி எதுவுமில்லை. ஒரு குறிப்பேடும் எழுதுகோலுமே இருந்தன. எந்த வீட்டில், எந்த நாளில், யாருக்கு எந்தத் தொற்றுநோய் கண்டது என்று நாள்தோறும் குறித்துவைத்தார். அவற்றைப் படமாக வரைவதில் அவருடைய மனைவியார் துணைநின்றார். 1929-இல் அப்பள்ளத்தாக்கில் மஞ்சள் காமாலை பரவியது. 5,700 பேர் வாழ்ந்த அப்பகுதியில் 250 பேருக்கு நோய் கண்டது. நோயுற்றுப் படுத்திருந்த ஒரு பெண்ணை ஒருநாள் காலையில் பிக்கில்ஸ் பார்த்துவிட்டு வந்தார். அவளோ பிற்பகலில் எழுந்து ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டாள்! அங்கே அவளோடு பழகியவர்களுக்கு நோய் கண்ட நாட்களைக் கணக்கிட்டு, தொற்றிய நாளுக்கும் நோய் வெளிப்படும் நாளுக்கும் இடைப்பட்ட காலம் 26 முதல் 35 நாட்கள் என்று அவர் கண்டார். மக்கள் திரளும் மாநகரில் யார் யாரைச் சந்தித்தார் என்பதை எவர் அறிவார்? ஊரார் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கவல்ல ஒரு நாட்டுப்புற வைத்தியரால்தான் இது கைகூடியது. இக்குறிப்புகளெல்லாம் 1939-இல் நூலாக வெளிவந்தன. 1952-இல் பிரிட்டனில் பொது மருத்துவர்களுக்கென ஒரு கழகம் நிறுவப்பட்டபோது, அதன் முதல் தலைவராக அமர்ந்தவர் இந்தப் பிக்கில்ஸே.

இனி அட்லாண்டிக் கடலைத் தாண்டுவோம். அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் இருந்த கெர் ஒயிட் என்பவர், 1961-இல் தம் தோழர் இருவருடன் ஒரு கணக்கை வெளியிட்டார். ஆயிரம் பெரியவர்களை எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் அவர்களுள் 750 பேர் ஏதேனும் உடல்நலக் குறை கண்டதாகக் கூறுகின்றனர். மருத்துவரை நாடுவோர் 250 பேர். மருத்துவமனையில் சேர்க்கப்படுவோர் 9 பேர். பல்கலைக்கழக மருத்துவமனைக்கு அனுப்பப்படுபவர் ஒரே ஒருவர்! மாணவர்கள் பாடம் கேட்பதும், பேராசிரியர்கள் ஆராய்வதும், நூல்கள் எழுதப்படுவதும் அந்த ஒருவரைக் கொண்டே. எஞ்சியவர்களின் நோய் எத்தகையது, அது எவ்வாறு தொடங்கி எவ்வாறு முடிகிறது என்பது அறிவுலகத்துக்கு எட்டாமலே கிடந்தது. மருத்துவ வரலாற்றில் இத்துணைச் சிறிய கணக்கு இத்துணைப் பெரிய உண்மையை உணர்த்தியது அரிது என்றே கருதுகிறேன்.

இக்குறையை நீக்க எண்ணியவர்களுள் ஒருவர் மாரிஸ் உட். இங்கிலாந்தில் பொது மருத்துவராயிருந்து, பின்னர் வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகருக்கு வந்தவர் அவர். 1972-இல் அவருடைய முயற்சியால் அந்நகரில் கூடிய சிறு குழுவே வட அமெரிக்க முதல்நிலை மருத்துவ ஆராய்ச்சிக் குழுவாக வளர்ந்தது. அமெரிக்கரும் கனடியரும் இதில் ஒன்றுகூடினர். உட்டும் அவர் தோழர்களும் நூற்றுக்கு மேற்பட்ட குடும்ப மருத்துவர்களைக்கொண்டு, நோயாளிகள் கூறிய குறைகளையெல்லாம் ஈராண்டுகள் பதிவு செய்து, 1976-இல் வெளியிட்டனர். அப்பட்டியலில் அடங்கியவை 5,26,196. பிக்கில்ஸின் ஒற்றைக் குறிப்பேடு இவ்வாறு பெருகியது.

எண்ணத் தொடங்கியதும் ஒரு தொல்லை எழுந்தது. “களைப்பாயிருக்கிறது” என்று ஒருவர் வந்து சொல்கிறார். அது எந்த நோய்? மருத்துவமனையின் நோய்ப் பட்டியல்கள், ஆராய்ந்து முடிவுகண்ட நோய்களுக்கே முதலிடம் தந்தன. ஆகவே, உட் நெதர்லாந்து நாட்டு ஹெங்க் லாம்பர்ட்ஸ் என்பவரோடு சேர்ந்து, மக்கள் எதற்காக வைத்தியரிடம் வருகின்றனர் என்பதையே அடிப்படையாகக் கொண்ட வகைப்பாட்டை 1987-இல் நூலாக வெளியிட்டார். பெயரில்லாத துன்பங்களுக்கும் அதில் இடம் கிடைத்தது.

இக்குழுவினர் பெரிதும் போற்றியவர் கர்ட்டிஸ் ஹேம்ஸ். அவர் பெயரால் பரிசும் வழங்கப்படுகிறது. ஜார்ஜியா மாநிலத்தில், தாம் பிறந்த இவான்ஸ் வட்டாரத்திலேயே வைத்தியம் பார்த்தவர் அவர். இரத்த அழுத்தம் மிகுந்திருந்தும், கறுப்பின ஆண்களிடம் மாரடைப்பு நோய் வெள்ளையரிடம் உள்ளதைவிடக் குறைந்திருப்பதைக் கண்டு வியந்தார். 1960-இல் தொடங்கி மூவாயிரத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்தபோது, வயலில் உழைத்த ஏழை வெள்ளையரிடமும் அந்நோய் குறைவாகவே இருந்தது. இனமே காரணம் என்று முடிவு கட்டிவிடாமல், வாழ்க்கை முறையை நோக்கித் திரும்ப அது வழிகாட்டியது.

2001-இல் கெர் ஒயிட்டின் கணக்கை வேறு ஆராய்ச்சியாளர்கள் மீண்டும் எடுத்துப் பார்த்தனர். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் மருத்துவம் எவ்வளவோ மாறியிருந்தது. எனினும் ஆயிரம் பேரில் பல்கலைக்கழக மருத்துவமனையை அடைந்தவர் ஒருவருக்கும் குறைவு! ரிச்மண்டில் தொடங்கிய அவையோ தொடர்ந்து கூடி வருகிறது. அங்கே படிக்கப்படும் ஏராளமான கட்டுரைகளிலிருந்து, அன்றாட வைத்தியத்துக்கு உடனே உதவுபவற்றை, வைத்தியம் பார்க்கும் மருத்துவர்களே தேர்ந்தெடுத்து, முத்துகள் என்று பெயரிட்டு வெளியிடுகின்றனர். அண்மைக் காலத்தில் நோயாளிகளும் அவ்வவையில் இடம்பெற்று, எதை ஆராய வேண்டும் என்பதில் தம் கருத்தையும் கூறுகின்றனர்.