சிறார் நாவில் ஆங்கிலம் – ஒரு வரலாற்றுக் கண்ணோட்டம்



ஒரு பங்கின் வரலாறு கோயிலின் வரலாறு மட்டுமன்று. கோயிலை அடுத்து நிற்கும் பள்ளியின் வரலாறுமாகும். வீடு சந்திக்கச் செல்லும்போதெல்லாம் தாய்மார்கள் நம்மிடம் கேட்பது ஒன்றே: "சாமி, எம் பிள்ளைக்கு இங்கிலீஷு வருமா?" பீடி சுற்றிச் சேர்த்த பணத்தையும், நகையை அடகு வைத்த பணத்தையும் ஆங்கிலப் பள்ளிகளுக்குக் கட்டணமாகச் செலுத்துகின்ற குடும்பங்கள் நம் பங்கிலேயே உண்டு. எனவே, இளஞ்சிறாருக்கு மொழி எவ்வாறு கற்பிக்கப்பட்டு வந்துள்ளது என்பதை இந்த யூபிலி மலரில் நினைவுகூர விழைகின்றோம்.

1542-ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் தமிழ் அறியாதவர். இரு மொழியும் அறிந்தோர் துணையோடு செபங்களைத் தமிழாக்கி, தாமே மனப்பாடம் செய்தார். தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயல் உள்ளிட்ட ஊர்களில், கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைக் கூட்டினார். ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுத்தார். கற்றதை வீட்டிற்குச் சென்று பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் கற்பிக்குமாறு பிள்ளைகளைப் பணித்தார். இதனை அவரே 1544-ஆம் ஆண்டுக் கடிதத்தில் எழுதியுள்ளார்.

ஆங்கிலக் கல்விக்கு வருவோம். 1789-ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை ஆண்ட்ரு பெல் என்னும் ஆங்கிலிக்கன் குரு ஏற்று நடத்தினார். நம் நாட்டுச் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்தி, மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பிக்கவும் செய்தார். 1797-இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூல் வழியாக இம்முறை 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தெங்கும் பரவியது. நம் திண்ணையும் மணலும் சட்டாம்பிள்ளையும் கடல் கடந்தன என்பது நமக்குப் பெருமையே.

நம் பகுதியில் 1820-இல் பாளையங்கோட்டை வந்த இரேனியஸ் ஐயர் போன்ற சீர்திருத்த சபையினர் ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்தனர். சேசு சபைத் தந்தையர் 1923-இல் தூய சவேரியார் கல்லூரியைத் தொடங்கினர். பாளையங்கோட்டை 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு' எனப் புகழ்பெற்றது. ஆயினும் கிராமத்துச் சிறுவன் தொடக்க வகுப்பில் கற்ற ஆங்கிலம் பெரும்பாலும் மனப்பாடமாகவே இருந்தது.

இக்குறையைக் களைய 1959-இல் சென்னை மாநிலத்தில் ஒரு பெருமுயற்சி எழுந்தது. சிலருக்குப் பயிற்சி; அவர்கள் வழியே பலருக்கு; அப்பலர் வழியே ஏறத்தாழ 27,000 ஆசிரியர்களுக்கு. உருள உருளப் பெருகும் பனிப்பந்து போன்றதால் 'மதராஸ் பனிப்பந்து' என அழைக்கப்பட்டது. ஆசிரியர் கதவைத் திறந்துகொண்டே "நான் கதவைத் திறக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்வார். பிள்ளைகளும் செய்துகொண்டே சொல்வர். புத்தகத்தை மேசைமேல் வைத்து ஒரு வாக்கியம். கீழே வைத்து மற்றொரு வாக்கியம். செயலே பொருளை விளக்கும், மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

ஆனால் கைமாறக் கைமாற, வாக்கியம் நின்றது, செயல் உதிர்ந்தது. நாம் சிறுவனாய்ப் பயின்ற பள்ளியில் "திஸ் இஸ் எ புக்" என்று ஓங்கிக் கூவினோம். கையில் புத்தகம் இல்லை! பின்னாளில் குருமடத்தில் ஆங்கிலத்தில் கேட்கப்பட்ட எளிய கேள்விக்கு விடை தெரிந்திருந்தும் வாயடைத்து நின்ற வெட்கம் இன்றும் நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

1979 முதல் 1984 வரை, பேராசிரியர் என். எஸ். பிரபு பெங்களூரிலும் சென்னையிலும் வேறு சில ஊர்களிலும் புதுவழி கண்டார். இரயில் நேர அட்டவணை, ஊர் வரைபடம் முதலியவற்றைக் கொடுத்துக் கணக்குகளுக்கு விடை காணச் செய்தார். பிள்ளைகளின் கவனம் விடையிலே. மொழி உடன் வளர்ந்தது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் பின்னர் மாநிலமெங்கும் பரவியது. 2022-இல் அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் தமிழ், கணக்கு ஆகியவற்றுடன் ஆங்கிலத்தையும் பாடல், அட்டை, விளையாட்டு வழியே கற்பிக்க முனைந்தது.

இவ்வரலாறு உணர்த்தும் உண்மை யாது? பிள்ளையின் ஆங்கிலம் கட்டணத்தின் அளவால் வளர்வதில்லை. கண்டு, செய்து, பேசும் வாய்ப்பால் வளர்கின்றது. அதற்கு ஒரு செம்பும், ஒரு வாழைப்பழமும், திறந்து மூட ஒரு கதவும் போதும்.

பெற்றோரே! "எனக்கு ஆங்கிலம் தெரியாதே" என்று தயங்க வேண்டாம். மாலைச் செபம் முடிந்தபின் பத்து நிமிடம் பிள்ளையை ஆசிரியராக்கி, நீங்கள் மாணவராய் அமருங்கள். "இன்று கற்றதை எனக்குச் செய்து காட்டு" என்று கேளுங்கள். பிள்ளை தடுமாறினால் நகைக்காதீர்கள். சவேரியார் நம் கடற்கரைச் சிறுவரிடம் ஒப்படைத்த பணியும் இதுவேயன்றோ? இந்த யூபிலி ஆண்டில் அதனை நம் இல்லங்களில் மீண்டும் தொடங்குவோம். இறையாசீர் நம் சிறாரோடு என்றும் இருப்பதாக!