கார்டினா சீட்டுக்கூடங்களும் வலுவான கையின் மதிப்பும்

கலிஃபோர்னியாவின் தண்டனைச் சட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ‘ஸ்டட்-ஹார்ஸ்’ என்னும் போக்கர் வகையைத் தடைசெய்தது. ஆனால் சீட்டுகளை மறைவாகப் பிடித்துக்கொண்டு வேண்டாதவற்றை மாற்றிக்கொள்ளும் ‘டிரா’ வகை அத்தடைக்குள் வராது என்று மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞர் யுலிசிஸ் வெப் 1911-இல் கருத்துரைத்தார். இந்தச் சட்ட இடைவெளியில் வளர்ந்ததுதான் லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தெற்கே உள்ள கார்டினா என்னும் சிறு நகரின் சீட்டுக்கூடத் தொழில். 1936-இல் எர்னி பிரிம் தொடங்கி வைத்த அத்தொழில் பின்னர் ஆறு கூடங்களாக விரிந்து, பல பத்தாண்டுகள் அந்நகரின் வருவாய்க்குத் துணைநின்றது. கூடத்தார் ஆட்டத்தில் பங்கேற்கவில்லை. மேசையும் சீட்டும் தந்து, அரை மணிக்கொரு முறை இருக்கை வாடகை வாங்கினர். வெல்பவரும் தோற்பவரும் ஒரே வாடகை கட்டியதால், எப்போதோ ஒருமுறை வரும் வலுவான கையிலிருந்து கூடுதலாக ஒரு பந்தயம் கிடைக்கிறதா இல்லையா என்பதே அங்கு ஆடிப் பிழைத்தவர்களின் வரவுசெலவைத் தீர்மானித்தது. அவர்களுடைய வாழ்க்கையை மானிடவியலாளர் டேவிட் ஹயானோ அவர்களுடனேயே ஆடிப் பழகி ஆராய்ந்து 1982-இல் நூலாக வெளியிட்டார்.

அங்கு பெரிதும் ஆடப்பட்டது ‘லிமிட்’ முறை. அதாவது, பந்தயத் தொகையும் அதை உயர்த்தும் ‘ரெய்ஸ்’ தொகையும் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்கும். ஒரு சுற்றில் எத்தனை முறை உயர்த்தலாம் என்பதற்கும் எல்லை உண்டு. ஒரே பந்தயத்தில் எதிராளியின் பணம் முழுவதையும் கவர முடியாத நிலையில், வலுவான கையின் மதிப்பைச் சுற்றுக்குச் சுற்று சிறுகச் சிறுகத்தான் திரட்ட வேண்டும். தவறவிட்ட சுற்றை அடுத்த சுற்றில் பெரிய பந்தயம் கட்டி ஈடுசெய்ய வழியில்லை. இதைப் புரிந்துகொள்ளாமல், கை வலுவாக இருக்கும்போதெல்லாம் பந்தயம் கட்டாமல் பதுங்குவதே திறமை என்று எண்ணியவர்கள் தம் ஆதாயத்தைத் தாமே குறைத்துக்கொண்டனர்.

கணக்கும் இதற்குத் துணைநிற்கிறது. மேசை நடுவே குவியும் தொகையான ‘பாட்’ எட்டுப் பந்தயங்களாக இருக்கையில் ஒருவர் ஒன்பதாவதைக் கட்டினால், எதிராளி ஒரு பந்தயம் கொடுத்து ஒன்பதைப் பெற முயல்கிறார். பத்தில் ஒரு முறைக்கு மேல் வெல்லும் வாய்ப்பு இருந்தாலே அவர் தொடர்வது சரியாகிவிடுகிறது. எனவே நலிந்த கைகளும் விலகாமல் பணம் கட்டும். அதே கைகளுக்குக் காசின்றி அடுத்த சீட்டைப் பார்க்க இடங்கொடுத்தால், வரவேண்டிய பந்தயம் வராததோடு, குவிந்த தொகை முழுவதுமே கைமாறக்கூடும்.

மிகக் குறைந்த சீட்டுகளே வெல்லும் ‘லோபால்’ ஆட்டத்தில், வலுவான கையோடு பதுங்கக் கூடாது என்பதைக் கலிஃபோர்னியர் விதியாகவே ஆக்கியிருந்தது வியப்புக்குரியது. ஜோடி சேராமல், உயர்ந்த சீட்டு ஏழாகவோ அதற்குக் கீழாகவோ அமைந்த கையை வைத்திருப்பவர், சீட்டு மாற்றிய பின் பந்தயம் கட்டாமல் ‘செக்’ சொல்லிப் பதுங்கினால், அவர் கையே சிறந்ததாக இருந்தாலும் அதன்பின் கட்டப்பட்ட பணத்தில் அவருக்கு உரிமை கிடையாது; முன்பே குவிந்திருந்த தொகையை மட்டும் பெறலாம். ஒளிந்து தாக்குவதை முறைகேடாகக் கருதிய அந்த விதி, புதியவர்களைக் காத்ததைவிட, வலுவான கையை வெளிப்படையாக ஆடும் பழக்கத்தைத் தலைமுறைகளுக்குக் கற்பித்ததே பெரிது எனலாம்.

இதைக் கோட்பாடாக வகுத்தவர்களில் முதன்மையானவர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி. இறுதிச் சுற்றில் கடைசியாகப் பேசுபவர் பந்தயம் கட்ட, எதிராளி ஏற்றுக்கொள்ளும் தருணங்களில் பாதிக்கு மேல் தம் கை வென்றால் போதும் என்றும், பதுங்குவதற்கோ கை மிக வலுவாக இருப்பதோடு, பாட் சிறிதாக இருப்பதும், அடுத்த சீட்டு எதிராளிக்கு இரண்டாந்தரக் கையைத் தரக்கூடியதாக இருப்பதும் வேண்டும் என்றும் அவர் விளக்கினார்.

1980-களின் பிற்பகுதியில் ‘ஹோல்டெம்’ என்னும் போக்கர் வகை கலிஃபோர்னியக் கூடங்களுக்குள் வந்ததும் டிரா மங்கியது. புதிய ஆட்டத்தின் இருவர் ஆடும் லிமிட் வடிவத்தை, கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பௌலிங் குழுவினர் 4,800 செயலிகளை 68 நாள் இயக்கி ஏறத்தாழ முழுமையாகத் தீர்த்து, 2015 ஜனவரியில் வெளியிட்டனர். ‘செஃபியஸ்’ எனப்பட்ட அந்த நிரல், சீட்டுப் பிரிப்பவரின் இடத்திலிருந்து ஆடும்போது பெரும்பாலும் ரெய்ஸ் செய்தே நுழைந்தது. ஆனால் முதல் சுற்றின் கடைசி ரெய்ஸை மட்டும், இரண்டு ஏஸ் கையில் இருந்தபோதும், 0.01 விழுக்காட்டுக்கும் குறைவாகவே செய்தது. தேர்ந்த ஆட்டக்காரர் சிலர் அந்தக் கடைசி ரெய்ஸைப் பலவகைக் கைகளில் வழக்கமாகச் செய்துவந்ததை நினைத்தால், வலுவான கையின் மதிப்பைப் பற்றிய கார்டினாக் காலத்து விவாதம் இன்னும் முடியவில்லை என்பது விளங்கும்.