ஓமின் எட்டுக் கம்பிகள்

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. இரண்டையும் பெருக்கினால் திறன். பள்ளிக்கூடத்துல இதுக்கு ரெண்டு மார்க். 230 வோல்ட்டில் வேலை செய்யும் அயர்ன் பாக்ஸ் 5 ஆம்பியர் இழுக்கிறது என்றால் அதன் தடை 46 ஓம், திறன் 1150 வாட். கணக்கு முடிஞ்சது. இந்தச் சின்ன வகுத்தலுக்கா ஒருத்தர் பெயரை அலகாக வைத்தார்கள் என்று தோன்றும்.

ஆனால் ஜார்ஜ் சைமன் ஓம் ஆய்வைத் தொடங்கிய 1825இல் வகுக்க எண்களே கிடையாது. வோல்ட் இல்லை, ஆம்பியர் இல்லை, மீட்டரும் இல்லை. கம்பியில் ஏதோ ஓடுகிறது, அது பக்கத்தில் இருக்கும் காந்த ஊசியைத் திருப்புகிறது. தெரிந்தது அவ்வளவுதான்.

ஓம் 1789இல் ஜெர்மனியின் எர்லாங்கனில் பிறந்தவர். அப்பா பூட்டுத் தொழிலாளி. தானாகவே கணிதம் கற்று, அதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தவர். 1817 முதல் ஓம் கொலோன் நகரப் பள்ளியில் ஆசிரியர். பல்கலைக்கழக வேலைதான் அவர் கனவு. அதற்கு ஆய்வு செய்து பெயர் வாங்கியாக வேண்டும்.

முதல் முயற்சி சறுக்கியது. அப்போதைய பேட்டரிகள் கம்பியை இணைத்தவுடனே சோர்ந்துபோகும். ஊசி குறைவாகத் திரும்பினால் அது கம்பியின் நீளத்தாலா, பேட்டரியின் களைப்பாலா? பிரித்துச் சொல்ல வழியில்லை. அந்தக் குழப்பமான அளவுகளிலிருந்து மடக்கை வைத்து ஒரு சூத்திரம் எழுதி, 1825இல் வெளியிட்டும் விட்டார். தப்பான சூத்திரம்.

அப்போது ஆய்விதழ் ஆசிரியர் போகண்டார்ஃப் ஒரு யோசனை சொன்னார்: பேட்டரியை விட்டுவிடுங்கள். இரண்டு உலோகங்களை இணைத்து, ஒரு இணைப்பைச் சூடாகவும் இன்னொன்றைக் குளிராகவும் வைத்தால் மின்சாரம் வரும். சீபெக் அதைக் கண்டறிந்து நாலைந்து வருடம்தான் ஆகியிருந்தது. ஓம் பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்தார். ஒரு முனை கொதிக்கும் நீரில், மறுமுனை பனிக்கட்டியில். தண்ணீர் கொதிக்கும்வரை, ஐஸ் தீராதவரை மின்னழுத்தம் அசையாது.

பிறகு ஒரே தடிமனில் எட்டுச் செம்புக் கம்பிகள். மிகக் குட்டையானது 2 அங்குலம், மிக நீளமானது 130. ஒவ்வொன்றாக மாட்டி, காந்த ஊசியின் மீது மின்னோட்டம் காட்டும் விசை எவ்வளவு என்று குறித்தார். 2 அங்குலக் கம்பிக்கு அவர் அளவுகோலில் 326.75. 130 அங்குலத்துக்கு 48.5.

இங்கேதான் ஒரு புதிர். கம்பி 65 மடங்கு நீண்டிருக்கிறது. மின்னோட்டமோ ஏழில் ஒரு பங்காகக்கூடக் குறையவில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் எளிய வகுத்தல் பொய்த்துவிட்டது. ஓம் கேட்டது வேறு கேள்வி: மின்சாரம் இந்தக் கம்பி வழியாக மட்டுமா ஓடுகிறது? பிஸ்மத் துண்டு, இணைப்புகள் எல்லாவற்றையும் கடந்துதானே வருகிறது? அவையும் தடுக்குமே! அந்தத் தடையைக் கம்பியின் நீளமாகவே கணக்கிட்டார்: 20.25 அங்குலம். இப்போது கூட்டிப் பாருங்கள். 2 அங்குலம் 22.25 ஆகிறது, 130 அங்குலம் 150.25. விகிதம் சுமார் 6.75. 326.75ஐ 48.5ஆல் வகுத்தாலும் கிட்டத்தட்ட அதேதான்.

அடுத்து வெப்ப வித்தியாசத்தைக் குறைத்துப் பார்த்தார். மின்னோட்டம் குறைந்தது. 20.25 மட்டும் மாறவில்லை. ஆக, தள்ளும் விசை ஒன்று, தடுக்கும் பொருள் வேறொன்று. மின்னழுத்தமும் மின்தடையும் தனித்தனி என்று எண்களால் பிரித்துக் காட்டியது இந்த இடம்தான்.

1827இல் இதைக் கணிதக் கோட்பாடாக்கிப் புத்தகம் போட்டார். ஜெர்மனியில் பெரிய வரவேற்பில்லை. எதிர்பார்த்த பதவியும் வரவில்லை. கொலோன் வேலையையும் விட்டார். 1833இல்தான் நியூரம்பெர்க்கில் ஒரு நிலையான இடம். 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்தது. மியூனிக்கில் அவர் கனவு கண்ட பேராசிரியர் பதவி கிடைத்தது 1852இல். 1854இல் இறந்துவிட்டார்.

காப்ளி பதக்கம் வந்த அதே 1841இல், இங்கிலாந்தில் மது வடிக்கும் குடும்பத்தைச் சேர்ந்த 22 வயது ஜேம்ஸ் ஜூல் தன் ஆய்வை வெளியிட்டார். கம்பிச் சுருளைத் தண்ணீரில் அமிழ்த்தி, வெப்பநிலை எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்திருந்தார். மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. அதாவது மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்க வேண்டும். ஓமின் விதிப்படி மின்னோட்டம் பெருக்கல் தடை என்பதே மின்னழுத்தம். அதைப் போட்டால் மிஞ்சுவது மின்னழுத்தம் பெருக்கல் மின்னோட்டம். நம்ம திறன் ஃபார்முலா பிறந்தது இப்படித்தான்.

1881இல் பாரிஸில் கூடிய சர்வதேச மின்னியல் மாநாடு ஓம், வோல்ட், ஆம்பியர் மூன்றையும் அலகுகளாக ஏற்றது. ஓம் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

அந்த 20.25 அங்குலம் இன்றும் நம் வீட்டில் இருக்கிறது. மோட்டாரைப் போட்டதும் லைட் ஒரு நொடி மங்குமே, கவனிச்சிருக்கீங்களா? டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வீடுவரை வரும் கம்பிக்குத் தடை அரை ஓம் என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் கிளம்பும்போது 20 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 10 வோல்ட் போய்விடும், 200 வாட் வெறும் சூடாகும். பல்புக்குக் கிடைப்பது 220 வோல்ட். பல்பில் கோளாறு இல்லை, மோட்டாரிலும் இல்லை. நடுவில் இருக்கும் கம்பியையும் கணக்கில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.