ரிங்லெட் ஏரிக்கரையில் ஓர் ஓய்வு நாள்



தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பாதையில், ரிங்லெட் பட்டணத்தைக் கடந்ததும் சாலையோரமாகப் பெரிய ஏரி ஒன்று தென்படுகிறது. ஓய்வு நாட்களில் கட்டுச்சோற்றுடன் அங்கே போய் அமரும் குடும்பங்கள் பல. அந்த ஏரி ஆதிகாலம் தொட்டு அங்கே இருப்பதாகவே நம் பிள்ளைகள் எண்ணுகிறார்கள். உண்மையில் அது மனிதர் கைகளால் உண்டானது. அதன் கதையை இன்று தெரிந்துகொள்வோம்.

1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப் பகுதியை ஆராய்ந்தார். மலைக்கு அவர் பெயரே நிலைத்தது. 1925-இல் இங்கு வந்த சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல், இது மலைவாச நகருக்கு ஏற்ற இடம் என்று கண்டார். ரஸல் என்பவர் 1929-இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து வரும் சாலை 1931-இல் நிறைவுற்றது.

வெள்ளைக்கார அதிகாரிகளும் துரைமார்களும் கீழ்நாட்டு வெயிலுக்குத் தப்பி இங்கே ஓய்வெடுக்க வந்தார்கள். பங்களாக்களும் கோல்ப் மைதானமும் அவர்களுக்காக எழுந்தன. அதே மலையில் காட்டைத் திருத்தி, கன்று நட்டு, கூடை சுமந்து கொழுந்து பறித்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். மலை அவர்களுக்கு வேலைத்தளமாக இருந்ததே தவிர, உலாவிடமாக இருக்கவில்லை. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு தொழிலாளியின் உரிமை என்பதை 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் வலியுறுத்தியது.

அதன் பின்னரே ஏரி பிறந்தது. பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே, ஏறத்தாழ 40 மீட்டர் உயரத்தில் கட்டப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணை 1963-இல் முடிவடைந்தது. தெலோம் ஆற்று நீரும் சுரங்க வழியாகக் கொண்டுவரப்பட்டு இதனுடன் சேர்க்கப்பட்டது. தேங்கிய நீர் மலையைக் குடைந்த மற்றொரு சுரங்கத்தின் வழியே பேராக் பக்கம் இறங்கி, ஜோர் என்னுமிடத்தில் நிலத்தடி மின் நிலையத்தின் சுழலிகளைச் சுற்றுகிறது. மின்சாரத்திற்காகத் தேக்கிய நீர், மக்கள் கண்டு களிக்கும் ஏரியாகவும் ஆகிவிட்டது.

இது புதுமையன்று. நம் முன்னோரின் நாட்டிலும், தேயிலை விளையும் மற்ற மலைகளிலும் இப்படியே நடந்திருக்கிறது. உதகமண்டலத்து ஏரியை ஜான் சல்லிவன் 1820-களில் வெட்டுவித்தார். கொடைக்கானல் ஏரி 1863-இல் லெவிஞ்ச் என்பவர் முயற்சியால் உருவாயிற்று. இலங்கையின் நுவரெலியாவில் ஆளுநர் கிரகரி 1873-இல் ஏரி அமைத்தார். இவை யாவும் துரைமார் காலத்தில் தோன்றியவை. இன்றோ எளிய குடும்பங்களும் அங்கே படகேறுகின்றன.

ஆனால் மனிதர் உண்டாக்கிய ஏரியை மனிதரே காக்க வேண்டும். ரிங்லெட் ஏரியின் கொள்ளளவு தொடக்கத்தில் சுமார் 67 இலட்சம் கன மீட்டராக இருந்தது. மேலே உள்ள சரிவுகளில் காய்கறிக்கும் பூவுக்கும் கட்டடத்துக்கும் காடு அழிக்கப்பட, மழை மண்ணை வாரிக்கொண்டு ஏரிக்குள் கொட்டியது. நெருங்கி வளர்ந்த தேயிலைச் செடி மண்ணைப் பிடித்து வைக்கும். வெறுமனே கிடக்கும் சரிவு பிடித்து வைக்காது. வண்டல் ஏறினால் நீருக்கு இடம் குறைகிறது. பெருமழை பெய்தால் அணையின் மதகைத் திறந்துவிட வேண்டியதாகிறது. 2013 அக்டோபர் 23-ஆம் நாள் பின்னிரவில் அவ்வாறு நீர் திறந்துவிடப்பட்டபோது, கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேறும் வெள்ளமும் புகுந்தன. சிலர் உயிரிழந்தனர். வீடுகளும் வாகனங்களும் சிதைந்தன. ஏரியில் விழும் ஒவ்வொரு கூடை மண்ணும் கீழே உறங்குவோர் தலைமேல் ஏறும் பாரமாகும்.

ஆகவே ஏரிக்கரைக்கும் ஆற்றங்கரைக்கும் போகிறவர்கள் சிலவற்றை மனத்தில் கொள்வோம். கூடாரம் அடிப்பதானால் அனுமதித்த இடத்தில், மேடான நிலத்தில் அடிப்போம். அணைக்குக் கீழே ஆற்றுப்படுகையில் இரவு தங்க வேண்டாம். மேலே மழை இருண்டாலோ, நீர் திடீரெனக் கலங்கினாலோ, அபாயச் சங்கு ஒலித்தாலோ, சாமான்களை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். ஏரியில் பிள்ளைகளைக் குளிக்க விடலாகாது. அடியில் உள்ள வண்டல் காலை இழுக்கும். இரவில் குளிர் கடுமையாக இருக்கும் என்பதால் கம்பளியும் மாற்றுத் துணியும் தேவை. அடுப்பு மூட்டினால் நீரூற்றி அணைத்துவிட்டு, குப்பையைக் கையோடு எடுத்து வருவோம்.

பாட்டனார் உழைத்த மலையில் பேரப்பிள்ளைகள் ஓய்வாக உட்கார்ந்து இளைப்பாறுவது சின்னக் காரியமல்ல. அது பல தலைமுறை கழித்துக் கிடைத்தது. அடுத்தமுறை ஏரிக்கரையில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது, அணை எப்படி வந்தது, நீர் எங்கே போகிறது, மண் எங்கிருந்து வருகிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம். அதை அறிந்த பிள்ளை ஏரியைத் தன் வீட்டுக் கிணறுபோல் பேணும்.