சிங்கப்பூரிலிருந்து திருச்சி: வானில் 4 மணி நேரம், வீட்டு வாசலுக்கு 11 மணி நேரம்

சாங்கியிலிருந்து சென்னைக்கு வான்வழித் தூரம் ஏறக்குறைய 2,930 கிலோமீட்டர். திருச்சிக்கு 2,980, கோயம்புத்தூருக்கு 3,170. மூன்று ஊர்களுக்கும் நேரடி விமானச் சேவை உண்டு. பயணம் நான்கு முதல் நாலரை மணி நேரம்.

சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. (1982க்கு முன்பு வேறுபாடு இரண்டு மணி நேரம்தான்.) காலை 10 மணிக்கு இங்கே கிளம்பினால் அங்கே 11.45க்கே இறங்கிவிடலாம். திரும்பும்போது கணக்கு மாறும். திருச்சியில் இரவு 11 மணிக்கு ஏறுபவர் சாங்கியில் இறங்கும்போது மறுநாள் காலை 5.45 ஆகியிருக்கும். அப்படியே வேலையிடத்துக்குப் போகிறவர்களும் உண்டு.

காற்றுக்கும் இதில் பங்குண்டு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவின் மேல்வானில் கிழக்கிலிருந்து மேற்காக வேகமான காற்று வீசும். இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1958ல் இதை விளக்கினார். அதனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஊருக்குப் போவது சற்று விரைவாகவும், திரும்புவது சற்றுத் தாமதமாகவும் இருக்கும்.

‘ரஜூலா’, ‘எம்.வி. சிதம்பரம்’ கப்பல்களில் இதே பயணம் ஏறத்தாழ ஒரு வாரம். தந்தி கிடைத்த உடனே கிளம்பினாலும், போய்ச் சேரும்போது காரியம் முடிந்து நாளாகியிருக்கும். இன்று ஐஸ் பெட்டியில் வைத்து, “சிங்கப்பூரிலிருந்து பிள்ளை வந்ததும் எடுக்கலாம்” என்று ஊரார் காத்திருக்கிறார்கள். எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள் என்பதுதான் கேள்வி.

மன்னார்குடிக்காரர் ஒருவரை வைத்துப் பார்ப்போம். விடுதியிலிருந்து சாங்கிக்கு ஒரு மணி நேரம். பெரும்பாலான நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே பதிவு முகப்பை மூடிவிடுவதால், அங்கே இரண்டு மணி நேரமாவது வேண்டும். பிறகு விமானம், குடிநுழைவு வரிசை, திருச்சியிலிருந்து இரண்டரை மணி நேரக் கார் பயணம். எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட 11 மணி நேரம். அதுவும் கையில் உடனே டிக்கெட் கிடைத்தால். வான்தூரத்தில் சென்னை 50 கிலோமீட்டர் பக்கம் என்றாலும், அங்கிருந்து மன்னார்குடிக்குச் சாலையில் 300 கிலோமீட்டருக்கு மேல். டெல்டாக்காரர், புதுக்கோட்டைக்காரர் எவரும் மலிவு பார்த்துச் சென்னைக்கு டிக்கெட் எடுக்குமுன் இதை யோசிப்பது நல்லது.

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு விசா இன்னொரு தடை. இணையவழி விசாவுக்குக் குறைந்தது நான்கு நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். துக்கச் செய்தி அப்படிச் சொல்லிவிட்டு வருவதில்லை. ஓசிஐ அட்டை உள்ளவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. மற்றவர்கள் அவசரத்துக்கு கிரேஞ்ச் ரோட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தை நாடலாம். ஊழியரின் கடப்பிதழைத் தக்க காரணமின்றி முதலாளி பிடித்து வைத்திருப்பது இங்கு குற்றம். அது கையில் இருக்கிறதா, செல்லுபடிக் காலம் ஆறு மாதமாவது மிச்சமிருக்கிறதா என்று இப்போதே பார்த்து வைக்கலாம்.