ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!

திருவண்ணாமலைக்காரர்களுக்குக் கொப்பரை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கார்த்திகை தீபத்தன்று மலை உச்சியில் நெய் ஊற்றித் திரி போட்டு ஏற்றுகிறார்களே, அந்த ஆள் உயரப் பாத்திரம்தான். வெளியூர் நண்பர்களிடம் கொப்பரை என்று சொன்னால் காய்ந்த தேங்காய் ஞாபகத்துக்கு வருகிறது. மலை மேல் தேங்காயை எதற்கு எரிக்கிறீர்கள் என்று ஒருவன் சீரியஸாகவே கேட்டான் :-)

கொப்பரை தப்பித்துவிட்டது, வருஷா வருஷம் வேலை இருப்பதால். மற்ற பாத்திரங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. தேரடி வீதிப் பக்கம் ஒரு பழைய பாத்திரக் கடையில் மூலையில் குவித்து வைத்திருந்த குவியலைக் காட்டி, "இது என்னாண்ணா?" என்று கேட்டேன். "எனக்கு என்னா தெரியும் தம்பி, எடை போட்டா தெரியும்" என்றார். வணிகவியல் படிப்பவனுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. பெயர் தெரிந்த பாத்திரத்துக்கு ஒரு விலை. தெரியாததற்குக் கிலோ விலை. கிலோ விலைக்குப் போனது அடுத்த வாரம் உலையில். உருகிய பிறகு அதை யாராலும் அடையாளம் காண முடியாது.

இந்தக் கதை ஒன்றும் புதிதல்ல. பித்தளைப் பாத்திரத்தில் புளி பட்டால் களிம்பு ஏறும். அதனால் உள்ளே ஈயம் பூச வேண்டும், அதாவது கலாய் (நாம் வகுப்பில் செய்யும் கலாய் வேறு). பூச்சு தேய்ந்தால் மறுபடி பூச வேண்டும். எவர்சில்வருக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. சேலம் உருக்காலை 1981-82-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கு முன்பே வீடு வீடாகப் பித்தளையைப் போட்டு எவர்சில்வர் வாங்கும் பழக்கம் வந்துவிட்டது. எங்க ஆயாவும் அப்படித்தான் ஒரு அடுக்கு முழுவதையும் கொடுத்தார்களாம். பேரீச்சம்பழக்காரர் மிச்சத்தை வாங்கிப் போனார்.

சரி, குவியலில் கிடப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் உள்ளே பாருங்கள். உள்பக்கம் வெள்ளையாக ஈயம் பூசிய தடம் இருந்தால் அது சமையல் பாத்திரம். வெளியே கரி ஏறி, அடி தேய்ந்திருந்தால் சந்தேகமே இல்லை.

அடியில் பொடி ஓட்டை இருந்தால்? உடைசல் என்று ஒதுக்கிவிடுவார்கள். அவசரப்படாதீர்கள். ஓட்டை சுத்த வட்டமாக, நட்ட நடுவில் இருந்து, விளிம்பில் சங்கிலி மாட்ட வளையமும் இருந்தால் அது சமையலறைச் சாமானே அல்ல. சிவலிங்கத்துக்கு மேலே தொங்கவிட்டுச் சொட்டுச் சொட்டாக நீர் விழச் செய்யும் தாராபாத்திரம். நம்ம ஊரில் இது கிடைக்காவிட்டால்தான் ஆச்சரியம்.

ஒரு பக்கம் மூக்கு நீண்ட, உள்ளங்கையில் அடங்கும் சின்னக் கிண்ணத்தை விளக்கு என்று விற்கிறார்கள். விளக்கென்றால் மூக்கில் எண்ணெய்ப் பிசுக்கும் கருப்பும் இருக்கும். இதன் மூக்கு வழவழப்பாக, மெல்லிசாக இருக்கும். ஏனென்றால் அது போவது குழந்தையின் வாய்க்கு. இதுதான் பாலாடை. கொசுறுத் தகவல்: குறைமாதக் குழந்தைகளுக்குத் தாய்ப்பால் புகட்ட மருத்துவமனைகளில் இன்றைக்கும் பாலாடையைப் பயன்படுத்துகிறார்கள்.

அடுத்தது பூச்சாடி. இடுப்பு சிறுத்து, வாய் தாமரை போல விரிந்த பித்தளைச் சாமானில் ரோஜா வைத்து ஓட்டல் வரவேற்பறையில் அழகு பார்க்கிறார்கள். ஐயா, அது படிக்கம். வெற்றிலை போட்டுத் துப்புவதற்கு! சிரிக்க வேண்டாம், படிக்கத்துக்குப் பெரிய பாரம்பரியம் உண்டு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கொடுத்த பாத்திரங்களைக் கல்வெட்டில் எடை போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். தளிகை, கெண்டி இவற்றோடு படிக்கமும் அதில் வருகிறது. தளிகை என்றால் அங்கே தட்டு. இன்றைக்கு வைணவ வீடுகளில் தளிகை என்றால் சமையல். பாத்திரத்தின் பெயர் சாப்பாட்டுக்கு ஏறிவிட்டது. அந்த எடையெல்லாம் ஆடவல்லான் என்ற பெயருள்ள எடைக்கல்லால் போட்டது. எடைக்கல்லுக்கே பெயர் வைத்த ஊர் நம்முடையது!

அளவைகளைக் கண்டுபிடிப்பது இருப்பதிலேயே சுலபம், தண்ணீர் போதும். பேனா ஸ்டாண்டு போல இரண்டு பித்தளைக் குவளை. சின்னதில் இரண்டு முறை மொண்டு ஊற்றினால் பெரியது தலைதட்டி நிறைகிறதா? அப்படியானால் ஆழாக்கு, உழக்கு ஜோடியாக இருக்கலாம். இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி. எல்லாம் இரண்டின் மடங்கு. ஊருக்கு ஊர் படி மாறும். ஆனால் இந்த விகிதம் மாறாது. 1956-இல் மெட்ரிக் எடை அளவைச் சட்டம் வந்து, அறுபதுகளில் லிட்டரும் கிலோவும் கடைக்கு வந்ததும் இவற்றுக்கு வேலை போயிற்று. மேற்படி கடையில் இந்தத் தண்ணீர்ச் சோதனையை நான் செய்து காட்டினேன். கடைக்காரர் இரண்டையும் குவியலிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்து, உடனே விலையை ஏற்றிவிட்டார். பெயருக்கு இருக்கும் மதிப்பு!

ஒன்றே ஒன்று மட்டும் விளையாட்டில்லை. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு. தமிழில் வெள்ளீயமும் ஈயம்தான், காரீயமும் ஈயம்தான். முதலாவது சமைக்க ஏற்றது, இரண்டாவது நஞ்சு. ரசத்தின் புளிப்பில் காரீயம் கரைந்து இறங்கும்; குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். பார்வைக்கு இரண்டும் மங்கிய வெள்ளிதான். வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3, காரீயத்தின் அடர்த்தி 11.3, ஆகவே அளவுக்கு மீறிக் கனத்தால் சந்தேகப்படுங்கள். இரண்டும் கலந்திருந்தால் கை சொல்லாது, பரிசோதனைக் கூடம்தான் சொல்லும். பழைய கடையில் வாங்கியதில் பரிசோதிக்காமல் ரசம் வைக்காதீர்கள். (நல்ல ஈயச்சொம்பையும் வெறுமனே அடுப்பில் ஏற்றக் கூடாது. 232 டிகிரியில் உருகிவிடும்.)

பெரிய நிபுணர்களுக்கும் பாத்திரம் தண்ணி காட்டியிருக்கிறது. இங்கிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கும் அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, உள் அடியில் பல்சக்கரம் உருட்டியது போல் வட்ட வட்டமாகப் புள்ளி வைத்த மெல்லிய சாப்பாட்டுத் தட்டுகள் கிடைத்தன. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வந்த சரக்கு என்றார். 1980களில் விமலா பெக்லி அதை மறுத்து, இந்தியாவில் செய்தவையே என்று வாதிட்டார். பின்னால் நடந்த களிமண் ஆய்வுகளும் அந்தப் பக்கமே சாய்ந்தன. ஆக, ஒரு தட்டு எந்த ஊர்த் தட்டு என்று தெரிய நாற்பது வருஷம் ஆகியிருக்கிறது. அந்தத் தட்டு மண்ணாக இருந்ததால் பிழைத்தது; பித்தளையாக இருந்திருந்தால் என்றைக்கோ யாராவது உருக்கியிருப்பார்கள்.

அகமதாபாத்தில் சுரேந்திர படேல் என்பவர் எடைக்குப் போகும் பாத்திரங்களைச் சேர்த்து, 1981-இல் தன் விஷாலா உணவகத்திலேயே பாத்திரங்களுக்கென்று ஒரு அருங்காட்சியகம் திறந்தார். ஆயிரக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு இடம் இல்லை, ஆனால் பரணில் இருப்பதை இறக்கிப் பார்க்க இடம் தேவையில்லை.

இறக்கும்போது கழுத்துப் பக்கம் பாருங்கள். கல்யாணச் சீரில் வந்த பாத்திரமென்றால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். அதில் 'அண்ணாமலை' என்று இருந்தால் (நம்ம ஊரில் இல்லாமல் போகுமா!) ணா, லை இரண்டு எழுத்தையும் உற்றுப் பாருங்கள். 1978 அக்டோபரில் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது மாறிய எழுத்துகளில் இந்த இரண்டும் உண்டு. யானைத் தும்பிக்கை போல வளைந்த பழைய லை இருந்தால், அநேகமாகப் பாத்திரம் 1978-க்கு முந்தியது. அநேகமாக என்றுதான் சொல்ல முடியும். பேர் வெட்டுபவர் பெரியவராக இருந்தால், அரசாணை வந்து பல வருஷம் கழித்தும் கைப்பழக்கத்தில் தும்பிக்கையைப் போட்டிருப்பார்.