தடுப்புக் காவலும் மனித உரிமைகள் ஆணையமும்

தடுப்புக் காவல் என்பது, ஒருவர் மீது குற்றஞ்சாட்டி விசாரிக்காமல், இனிமேல் அவர் பொது ஒழுங்குக்குக் கேடு விளைவிக்கக்கூடும் என்ற கருத்தின் பேரில், அரசு ஆணை மூலம் அவரைச் சிறையில் வைப்பதாகும். இது தண்டனை அன்று என்பது சட்டத்தின் நிலைப்பாடு. உள்ளே இருப்பவருக்கு அவ்வேறுபாடு பெரிதாகத் தெரிவதில்லை. ஐரோப்பாவில் இத்தகைய காவலை எதிர்ப்பவர், தம் நாட்டு நீதிமன்றங்கள் கைவிட்ட பின்னரும், ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தை நாடலாம். தூத்துக்குடி மாவட்டத்தின் கரிசல் நிலப் பகுதியான கோவில்பட்டியில் வாழ்பவருக்கு அவ்வழி இல்லை. அவர் முதலில் நாடக்கூடியவை சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும், சென்னையில் இயங்கும் தமிழ்நாடு மாநில மனித உரிமைகள் ஆணையமும் ஆகும்.

சட்ட அடிப்படை

கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என இந்திய அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்பு கூறுகிறது. அதே உறுப்பு, தடுப்புக் காவலில் உள்ளவருக்கு அந்த உரிமை கிடையாது என்றும் கூறுகிறது. மாறாக, காவலுக்கான காரணங்களை அவருக்குத் தெரிவித்து, முறையீடு செய்ய வாய்ப்பளிக்க வேண்டும். மூன்று மாதங்களுக்கு மேல் காவல் நீள அறிவுரைக் குழுமத்தின் இசைவு தேவை. 1978 ஆம் ஆண்டின் 44 ஆவது திருத்தம் இம்மூன்று மாதங்களை இரண்டாகக் குறைத்தது. ஆனால் அப்பிரிவு நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை.

இத்துறையின் முதல் பெரிய வழக்கு தமிழகத்திலிருந்தே சென்றது. பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலன் சென்னை மாநிலத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 1950 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடுப்புக் காவல் சட்டத்தைப் பெரும்பாலும் செல்லும் என்றது. காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்திலும் வெளியிடக்கூடாது என்ற 14 ஆவது பிரிவை மட்டும் நீக்கியது.

கோவில்பட்டிப் பகுதியில் நடைமுறை

செய்தித்தாள்களில் 'குண்டாஸ் பாய்ந்தது' என்று வருவது 1982 ஆம் ஆண்டின் தமிழ்நாடு 14 ஆவது சட்டத்தைக் குறிக்கும். கோவில்பட்டியைப் பொறுத்தவரை, காவல்துறையின் பரிந்துரையின் பேரில் ஆணையிடுபவர் தூத்துக்குடி மாவட்ட ஆட்சித் தலைவர். காரணங்களை 5 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். 12 நாட்களுக்குள் மாநில அரசு ஒப்புதல் அளிக்க வேண்டும். மூன்று வாரங்களுக்குள் விவகாரம் அறிவுரைக் குழுமத்திற்குச் செல்லும். குழுமத்தின் முன் வழக்கறிஞர் வைத்து வாதிட உரிமை இல்லை. காவல் 12 மாதங்கள் வரை நீடிக்கலாம்.

விடுதலைக்கான முதன்மை வழி மதுரைக் கிளையில் தாக்கல் செய்யப்படும் ஆட்கொணர்வு மனுவே. முறையீட்டைப் பரிசீலிக்கத் தாமதித்தது, தெளிவற்ற நகல்கள் தந்தது, ஆவணங்களின் தமிழாக்கம் தராதது போன்ற காரணங்களால் பல ஆணைகள் நீக்கப்பட்டுள்ளன. ஆனால் தீர்ப்பு வரும்போது பல மாதங்கள் கழிந்திருக்கும். 2011 இல் ரேகா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், வழக்கமான குற்றவியல் சட்டமே போதுமான இடத்தில் தடுப்புக் காவல் சட்டத்தைப் பயன்படுத்துவது சட்டவிரோதம் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வழக்குப் பதிந்து நடுவர் முன் நிறுத்தினால் மட்டும் பாதுகாப்பு உறுதியாகிவிடாது என்பதற்கும் கோவில்பட்டி சாட்சியாகிவிட்டது. 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் பிடிக்கப்பட்ட வணிகர் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்சும், நீதிமன்றக் காவலில் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டு, ஜூன் 22, 23 தேதிகளில் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் அடுத்தடுத்து இறந்தனர். மதுரைக் கிளை தாமாக முன்வந்து இதனை எடுத்துக்கொண்டது. கோவில்பட்டி நீதித்துறை நடுவர் விசாரித்தார். பின்னர் வழக்கு மத்திய புலனாய்வுத் துறைக்குச் சென்றது.

மாநில ஆணையம்

1993 ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தமிழ்நாடு ஆணையம் 1997 ஏப்ரல் 17 அன்று அமைக்கப்பட்டது. புகாருக்குக் கட்டணம் இல்லை, தமிழிலேயே எழுதலாம். பாதிக்கப்பட்டவருக்காகப் பிறரும் புகார் தரலாம். ஆணையம் அரசிடம் அறிக்கை கேட்கலாம், சாட்சிகளை அழைக்கலாம், சிறைகளைப் பார்வையிடலாம்.

ஆயினும் காவல் ஆணையை நீக்கி ஒருவரை விடுவிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள பொருளை அது பொதுவாக ஏற்பதுமில்லை. எனவே காவல் செல்லுமா என்பதை மதுரையில்தான் கேட்க வேண்டியுள்ளது. அடித்தல், சட்டவிரோதமாகக் காவல் நிலையத்தில் வைத்திருத்தல், உறவினருக்குத் தெரிவிக்காமை ஆகியவற்றுக்கு இழப்பீடும் நடவடிக்கையும் கோருவதற்கே ஆணையம் ஏற்ற இடம். நிகழ்வு நடந்து ஓராண்டுக்குப் பின் வரும் புகாரை ஆணையம் விசாரிக்க இயலாது. மதுரையில் தீர்ப்பு வரட்டும் என்று காத்திருப்பவர்கள் இக்கெடுவைத் தவறவிட வாய்ப்புண்டு. ஆணையத்தின் பரிந்துரைகள் வெறும் அறிவுரைகளே எனக் கருதப்பட்டு வந்த நிலையில், அவை அரசைக் கட்டுப்படுத்தும் என 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது.

பிராந்திய நீதிமன்றங்களும் ஆசியாவும்

ஐரோப்பிய நீதிமன்றத்தின் முதல் வழக்கே விசாரணையற்ற காவல் பற்றியது. 1957 இல் அயர்லாந்தில் ஐந்து மாதங்கள் அடைக்கப்பட்ட லாலெஸ் என்பவரின் வழக்கில், அக்காவல் உடன்படிக்கையின் 5 ஆவது உறுப்புக்குப் பொருந்தாது என்ற நீதிமன்றம், நெருக்கடி நிலையைக் காரணம் காட்டி அயர்லாந்து விதிவிலக்குப் பெற்றது செல்லும் என 1961 இல் முடிவு செய்தது. அவர் தோற்றார். அமெரிக்கக் கண்டங்களுக்கான நீதிமன்றம் இதைவிட உறுதியாக நின்றது: நெருக்கடி நிலையிலும் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைக்க முடியாது என 1987 இல் கருத்துரைத்தது. ஆப்பிரிக்காவிலும் இவ்வாறான ஆணையமும் நீதிமன்றமும் உள்ளன.

ஆசியா முழுமைக்குமான அமைப்பு ஏதும் இல்லை. தென்கிழக்கு ஆசிய நாடுகள் 2009 இல் நிறுவிய ஆணையத்திற்குத் தனிநபர் புகார்களைத் தீர்க்கும் அதிகாரம் தரப்படவில்லை. சார்க் அமைப்பிடம் அத்தகைய ஆணையமே இல்லை. ஐ.நா.வின் குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் 1979 இல் இணைந்த இந்தியா, கைது தொடர்பான 9 ஆவது உறுப்பைத் தன் அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்புக்கு உட்பட்டே ஏற்பதாக அறிவித்தது. தனிநபர் முறையீட்டுக்கு வழிசெய்யும் விருப்ப நெறிமுறையில் அது சேரவில்லை.

இலங்கை 1997 இல் சேர்ந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 1993 இல் பிடிக்கப்பட்டு, குற்றஞ்சாட்டப்படாமல் ஓராண்டுக்கு மேல் அடைக்கப்பட்ட தமிழரான சிங்கராசாவுக்கு ஆதரவாக ஐ.நா. மனித உரிமைக் குழு 2004 இல் கருத்துத் தெரிவித்தது. அந்நெறிமுறையில் சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரணானது என 2006 இல் இலங்கை உச்ச நீதிமன்றம் கூறி அவரது மனுவைத் தள்ளிவிட்டது.

இந்தியரும் இலங்கையரும் ஒருசேர அணுகக்கூடியது 1991 இல் அமைக்கப்பட்ட, தன்னிச்சையான காவல் குறித்த ஐ.நா. பணிக்குழு ஆகும். எந்த நாட்டைப் பற்றியும் அதற்கு எழுதலாம். உள்நாட்டு வழிகள் அனைத்தும் முடிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. அதன் கருத்துரை நீதிமன்ற ஆணையைப் போல நிறைவேற்றத்தக்கது அன்று.